வெறுங்கைப் பூவும் கொடுக்கும் பூவும்

நர்சரியில் பூச்செடி கேட்டால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது அடுக்குச் செம்பருத்திதான். இதழ்மேல் இதழாகப் பருத்து, செடியையே வளைத்துவிடும் பூ. அதே வரிசையின் கடைசியில், ஐந்து இதழும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுமாக ஒற்றைச் செம்பருத்தி நிற்கும். விலையும் குறைவு, கேட்பாரும் குறைவு. இரண்டையும் வாங்கி வெயிலில் அருகருகே வைத்துவிட்டு ஒரு காலைப் பொழுது கவனியுங்கள். தேன்சிட்டு ஒற்றைப் பூவுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். அடுக்குப் பூவில் அதற்கு வேலை அதிகம், வரும்படி குறைவு.

காரணம் மரபணுவில் இருக்கிறது. பூவின் உறுப்புகள் எல்லாமே உருமாறிய இலைகள் என்று ஜெர்மானியக் கவிஞர் கோதே 1790-இல் எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் அடுக்குப் பூக்களும் உண்டு. இரண்டு நூற்றாண்டு கழித்து, 1991-இல், என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் அந்த உருமாற்றத்தின் பின்னால் இருக்கும் மரபணுக் கணக்கைச் சொன்னார்கள். மொட்டுக்குள் ஏ, பி, சி என்று மூன்று வகை மரபணுக்கள் வட்டம் வட்டமாக வேலை செய்கின்றன. ஏ மட்டும் இயங்கும் வெளிவட்டத்தில் புல்லிதழ் வருகிறது. ஏ, பி இரண்டும் சேர்ந்தால் அல்லி இதழ். பி, சி சேர்ந்தால் மகரந்தத் தாள். சி மட்டும் என்றால் சூலகம். சி வகை செயலிழந்துவிட்டால் மகரந்தத் தாள் வரவேண்டிய இடத்திலும் இதழே வருகிறது. அடுக்குப் பூக்கள் பலவற்றின் ரகசியம் இதுதான். நாம் கூடுதல் அழகு என்று காசு கொடுத்து வாங்குவது, மகரந்தம் தயாரிக்க மறந்துபோன தாள்களை. அடியில் தேன் ஊறினாலும் இதழ்க் கூட்டம் வழியை அடைத்துவிடுகிறது.

அடுக்கு நந்தியாவட்டையும் இந்த வகைதான். செண்டுமல்லி சற்று வேறு. நாம் ஒரு பூ என்று பறிப்பது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். நடுவில் இருக்கவேண்டிய குழாய்ப் பூக்களில்தான் தேனும் மகரந்தமும் உண்டு. உருண்டையாகப் பருக்க வேண்டும் என்பதற்காக அவற்றில் பெரும்பாலானவற்றைப் பட்டை இதழ்ப் பூக்களாக மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டோம். அடுக்குப் பூவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பூஜைக்கும் தலைக்கும் வேண்டுமென்றால் ஒரு வரிசை இருக்கட்டும். ஆனால் தேனீக்காகத் தோட்டம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அதை மட்டும் நட்டால் அது வெறும் பேச்சு.

ஆகவே செடி வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, இந்தப் பூ வருகிற விருந்தாளிக்கு என்ன கொடுக்கிறது என்பதே. பூவின் சரக்கு இரண்டு. ஒன்று தேன், அதாவது சர்க்கரைத் தண்ணீர், பறப்பதற்கான எரிபொருள். மற்றொன்று மகரந்தம், புரதம், குஞ்சுகளுக்கான சாப்பாடு. இரண்டையும் தருகிற செடி உண்டு, ஒன்றை மட்டும் தருவது உண்டு, எதையுமே தராமல் ஏமாற்றுவதும் உண்டு. வாசல்தோறும் வைத்திருக்கிறோமே அரளி, அதன் பூவில் தேன் கிடையாது. நிறத்தையும் மணத்தையும் நம்பி வரும் பூச்சி வெறும் வயிற்றோடு போகிறது. ஏமாந்த பூச்சி அடுத்த அரளிப் பூவிலும் ஏமாறினால் அரளிக்கு வேலை முடிந்தது.

பூவின் விளம்பரமும் நம் கண்ணுக்காக எழுதப்பட்டதல்ல. பெர்லினை அடுத்த ஸ்பாண்டாவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்பிரெங்கல், இதழ்களில் தெரியும் கோடுகளும் புள்ளிகளும் தேனுக்கு வழிகாட்டும் குறிகள் என்று 1793-இல் புத்தகமாகவே எழுதினார். அன்று அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. பிற்பாடு டார்வின் படித்துவிட்டுப் பாராட்டினார். 1914-இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ், சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே நீல அட்டைமேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு சர்க்கரையை எடுத்துவிட்டாலும் அவை நீலத்தையே தேடி வந்தன. தேனீக்கு நிறம் தெரியும் என்பது அப்படி நிரூபணமானது. ஆனால் அதன் வானவில் நம்முடையது அல்ல. சிவப்பு அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியாத புற ஊதா அதற்குத் தெரியும். மஞ்சள், நீலம், ஊதா நிறப் பூக்களில் தேனீக் கூட்டம் அதிகமாகவும், செம்பருத்தியில் தேன்சிட்டு அதிகமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பறவைக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும்.

இனி, ஏன் பல்லாண்டுச் செடி? பாக்கெட் விதையில் வரும் ஒருபருவப் பூக்கள் இரண்டு மூன்று மாதம் கொண்டாட்டம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு மண்ணைக் கொத்தி, உரம் போட்டு, புது நாற்று நடவேண்டும். அந்த இடைவெளியில் பூச்சிக்குப் பட்டினி. வேர் ஆழமாக இறங்கிய செடி அப்படியல்ல. சித்திரை வெயிலிலும் கீழே இருக்கும் ஈரத்தை இழுத்துப் பூக்கும், வெட்டிவிட்டால் துளிர்க்கும், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நிற்கும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது மண்ணுக்குள் இருப்பதால் பலரும் யோசிப்பதில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

தமிழகச் சமவெளியின் வெயிலுக்கு ஒரே ஒரு செடியைத்தான் சொல்லவேண்டும் என்றால் நான் ஆவாரையைச் சொல்வேன். தைப்பொங்கலுக்குக் காப்புக்கட்ட வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் கட்டுகிறார்களே, அதே ஆவாரைதான். சாலையோரத்தில், சரளை மண்ணில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதால் இதைத் தோட்டச் செடியாக மதிப்பதில்லை. நர்சரியில் கேட்டால் சிரிப்பார்கள். விதையில் போட்டுக்கொள்ளலாம். தோல் கடினம், அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். ஓரத்தில் லேசாகத் தேய்த்தோ சுடுநீரில் ஊறவைத்தோ போட்டால் விரைவாக முளைக்கும். தொட்டியைவிடத் தரை நல்லது. முதல் கோடை தாண்டும்வரை தண்ணீர், பிறகு அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம்.

இந்தச் சாதாரணப் பூவுக்குள் ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டுமே கூலி. அந்த மகரந்தமும் திறந்து கிடப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நெடுக வெடித்துப் பொடி வெளியே வரும். ஆவாரையில் பையின் நுனியில் சின்னத் துளை மட்டும்தான், உப்பு டப்பா மாதிரி. உலுக்கினால்தான் கொட்டும். உலுக்கத் தெரிந்தவர் யார்? ஊரில் கருவண்டு என்று சொல்கிறோமே, பெரிதாகக் கறுப்பாக ரீங்காரத்தோடு வரும் தச்சுத் தேனீ, அதற்குத் தெரியும். அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நொடிக்குச் சில நூறு முறை அதிரவிடும். பறக்கும்போது கேட்கும் சத்தத்தைவிடக் கீச்சென்ற ஒலி அப்போது கேட்கும். மகரந்தம் புகையாகப் பீறிட்டு அதன் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. அது வந்தால் பிறர் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

உலகில் ஏறத்தாழ 20,000 தாவர இனங்கள் இந்தத் துளைப் பைகளை வைத்திருக்கின்றன என்பது ஒரு மதிப்பீடு. நம் கத்தரிக்காயும் தக்காளியும் அந்தக் கூட்டத்தில்தான் வருகின்றன. ஆவாரைக்கு வரும் தச்சுத் தேனீயும், அடிவயிற்றில் நீலப் பட்டை போட்ட நீலப்பட்டைத் தேனீயும் பக்கத்துப் பாத்தியில் இருக்கும் கத்தரிப் பூவையும் உலுக்கிவிட்டுப் போகும். மாடித் தோட்டக்காரர்கள் சிலர் தக்காளி காய்க்கவில்லை என்று மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பில் வைத்து அதிரவிடுகிறார்கள். அதுவும் பலன் தரும். ஆனால் அந்த வேலைக்குச் சம்பளம் கேட்காத ஆள் இருக்கிறது.

ஆவாரைக்குள் இன்னொரு விசித்திரம். அதன் மகரந்தத் தாள்கள் ஒரே மாதிரி இல்லை. மேலே மலட்டுத் தாள்கள், நடுவில் குட்டையானவை, கீழே நீண்டு வளைந்தவை. ஒரே பூவில் எதற்கு இத்தனை வகை என்பது டார்வினுக்கே பிடிபடாத கேள்வி. ஜெர்மனியில் ஹெர்மன் முல்லர், பிரேசிலில் அவர் அண்ணன் ஃபிரிட்ஸ் முல்லர், இருவரும் 1880-களில் ஒரு விடை சொன்னார்கள். நடுவில் இருப்பவை வண்டுக்குச் சாப்பாடு. அதை உலுக்கிக்கொண்டிருக்கும்போதே கீழே இருக்கும் நீண்ட தாள்கள் வண்டின் உடம்பில், அதன் கால் எளிதில் எட்டாத இடத்தில், மகரந்தத்தைப் பூசிவிடும். அந்தப் பங்குதான் அடுத்த பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேரும். சாப்பாட்டுக்கு ஒரு பங்கு, சந்ததிக்கு ஒரு பங்கு. இதே ஏற்பாடு உள்ள பல பூக்களில் பிற்காலத்தில் நடந்த சோதனைகள் அண்ணன் தம்பி சொன்னதை உறுதிசெய்தன.

ஆவாரையில் தேன் இல்லை என்றேன். அப்படியென்றால் பறப்பதற்கான எரிபொருளைத் தச்சுத் தேனீ வேறெங்கோ எடுக்கவேண்டும். தோட்டத் திட்டம் இங்கேதான் தொடங்குகிறது: மகரந்தம் தரும் செடிக்குக் கூப்பிடு தூரத்தில் தேன் தரும் செடி. துளசி அதற்கு அருமையான துணை. பூ மிகச் சிறியது, குழாய் குட்டை. நான்கு மில்லிமீட்டர் அளவே உள்ள கொசுத்தேனீ முதல் நீலப்பட்டைத் தேனீ வரை எல்லோருக்கும் எட்டும். ஆனால் வீடுகளில் துளசிக்குக் கதிர் வந்ததும் இலை குறைந்துவிடும் என்று கிள்ளிவிடுகிறோம். மாடத்துத் துளசியை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் இடத்தில் நாலைந்து செடியைக் கதிரோடு விட்டுவிடுங்கள். முற்றிய கதிரை மட்டும் வெட்டினால் புதுக்கதிர் வந்துகொண்டே இருக்கும்.

நாலைந்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும். இதை அரிஸ்டாட்டிலே கவனித்து எழுதியிருக்கிறார். வகைக்கு ஒன்றாகப் பத்துச் செடி வைத்தால் தேனீக்குப் பத்து அரைகுறைக் கடைகள். ஒரே வகையில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கூட்டமாக வைத்தால் ஓர் இடத்திலேயே பயணம் முடியும். கொசுத்தேனீயின் உலகம் சில நூறு மீட்டர்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

வெயில் எதற்கு? தேனில் இருக்கும் சர்க்கரை இலையில் வெயிலால் சமைத்தது. நாளில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் பட்டால்தான் இந்தச் செடிகள் தாராளமாகக் கொடுக்கும். பட்டாம்பூச்சிக்கும் வெயில் வேண்டும். காலையில் சிறகு விரித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டுதான் பறக்கும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஓர் எல்லை உண்டு. கோடையில் பத்து, பதினொரு மணிக்கு மேல் பூவில் இருக்கும் தேன் வற்றிப் பாகாகிவிடும், வரத்தும் குறையும். அப்போது தேனீக்கள் தேடுவது தண்ணீரை. கூட்டைக் குளிர்விக்க அதைக் கொண்டுபோகின்றன. அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல் இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும்.

பகல் ஓய்ந்த பிறகும் தோட்டம் மூடுவதில்லை. வெயில் படும் மதிலில் ரங்கூன் மல்லிக் கொடியை ஏற்றியவர்கள் ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று மூன்று நிறத்தைப் பார்த்திருப்பார்கள். அவை மூன்று வயது. மாலையில் விரியும்போது வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்து சிவப்பு. முதல் இரவில் நீண்ட குழாயின் அடியில் இருக்கும் தேனுக்கு, அதே அளவு நீண்ட உறிஞ்சுகுழலோடு பருந்து அந்துப்பூச்சி வந்து அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். இருட்டில் வெள்ளைதான் எடுப்பாகத் தெரியும். பகலில் மிச்சம் மீதிக்குத் தேனீயும் தேன்சிட்டும் வரும்.

இரவு வேலை அந்துப்பூச்சிக்கு மட்டும் சொந்தமில்லை. தச்சுத் தேனீக்களில் ஓர் இனம் இரவில் பறப்பது. அறிவியலில் அதற்குத் தரங்கம்பாடியின் பெயர்: சைலோகோப்பா டிராங்குபாரிகா. டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆண்ட காலத்தில், 1804-இல், ஃபாப்ரீசியஸ் சூட்டியது. ஹேமா சோமநாதனும் அவர் குழுவினரும் மகாராஷ்டிரத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை ஆராய்ந்து, நிலா இல்லாத நட்சத்திர வெளிச்சத்திலும் இந்தத் தேனீ நிறத்தைப் பிரித்தறிகிறது என்று 2008-இல் காட்டினார்கள். நமக்கு அந்த இருட்டில் எல்லாமே சாம்பல்தான்.

பட்டாம்பூச்சிக்குப் பூ பாதிச் சாப்பாடுதான். வெட்சி என்கிற இட்லிப்பூவையும் பென்டாஸையும் வைத்தால் நீண்ட குழலுள்ள பட்டாம்பூச்சிகள் தேன் குடிக்க வரும், போய்விடும். தங்கவேண்டும் என்றால் புழுவுக்கு இலை வேண்டும். கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகியும், எலுமிச்சையில் எலுமிச்சை அழகியும், ஆவாரையில் வெள்ளையன் வகைகளும் முட்டையிடும். தேன் தராத அரளிக்கும் இங்கே ஒரு மரியாதை உண்டு. வெண்புள்ளிக் கருப்பனின் புழு அதன் நஞ்சு இலையைத் தின்று வளர்ந்து, கண்ணாடிபோலப் பளபளக்கும் கூட்டுப்புழுவாகத் தொங்கும். எருக்கிலையைத் தின்பது வெந்தய வரியனின் புழு. இலையில் ஓட்டை விழுந்தால் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் பட்டாம்பூச்சித் தோட்டம் போடவேண்டாம். ஓட்டை விழத்தான் அந்தச் செடியை நட்டோம்.

உண்ணிச்செடியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டாம்பூச்சி வர எளிய வழி அதுதான் என்பது உண்மை. அதன் கொத்திலும் மஞ்சள் பூ புதியது, சிவந்தது பழையது; தேன் இருப்பது மஞ்சளில் என்று பட்டாம்பூச்சிகள் கற்றுக்கொள்வதை மார்த்தா வைஸ் 1991-இல் விளக்கினார். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரத்துக்காக வந்த இந்தச் செடி முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தையே மூடிக்கொண்டுவிட்டது. பழத்தைப் பறவை தின்று விதையைத் தூரத்தில் போடும். வீட்டு மதில் அதைத் தடுக்காது. நடாதீர்கள், இருந்தால் வெட்டுங்கள்.

இப்போது மண்ணுக்கு வருவோம். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை அவற்றில் சொற்பம். நம் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் அந்தச் சொற்பத்தில் சேர்ந்தவை. மற்றவற்றில் பெரும்பாலானவை தனியாக வாழ்கிற தாய்த்தேனீக்கள். அவற்றில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி, மகரந்த உருண்டைமேல் முட்டையிட்டு மூடிவிடும். கத்தரியை உலுக்கும் நீலப்பட்டைத் தேனீயின் கூடு மண்சுவரிலோ தரையிலோ இருக்கும். பருவத்துக்குப் பருவம் பாத்தியைக் கொத்திப் புரட்டினால் அந்தக் குஞ்சுகளைப் புரட்டிக் கொல்கிறோம். பல்லாண்டுச் செடியின் பெரிய நன்மை இதுதான்: அதன் காலடி மண்ணை ஆண்டுக்கணக்கில் தொடவேண்டியதில்லை. செடிகளுக்கு நடுவே ஒரு முழம் மண்ணை மூடாக்குப் போடாமல், சிமென்ட் பூசாமல், வெயில் படும்படி விட்டுவையுங்கள். தச்சுத் தேனீக்குக் காய்ந்த மரக்கிளை வேண்டும். முருங்கையோ பூவரசோ பட்டுப்போன கிளை ஒன்று மூலையில் கிடந்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. ரோஜா இலை ஓரத்தில் வட்டமாக வெட்டிய அடையாளம் தெரிந்தால் அது நோயல்ல. இலைவெட்டித் தேனீ குஞ்சுக்குப் படுக்கை எடுத்துப் போயிருக்கிறது.

மருந்து விஷயத்தில் தயவுதாட்சண்யம் கூடாது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் கடையில் எளிதாகக் கிடைக்கும் இமிடாகுளோப்ரிட் செடியின் சாற்றோடு கலந்து எல்லா உறுப்புக்கும் போகும். அதாவது தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் இதையும் இதன் உறவுக்கார மருந்துகள் இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்த 2018-இல் தடை போட்டது. பூச்செடிக்கு இதை ஊற்றினால் விருந்துக்கு அழைத்து விஷம் வைத்த கணக்கு. அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். மிஞ்சினால் வேப்பெண்ணெய்க் கரைசலை, பூவில் படாமல், வரத்து ஓய்ந்த மாலையில் அடிக்கலாம்.

கவாத்திலும் ஒரு எச்சரிக்கை. செம்பருத்தியும் வெட்சியும் துளசியும் வெட்டினால்தான் தழைக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் சில வாரம் தோட்டத்தில் பூ இருக்காது. பாதியை இப்போது, மீதியை அது துளிர்த்துப் பூத்த பிறகு என்று வெட்டுங்கள். புதிதாக நடுவதற்கு ஆடி, ஆவணி நல்லது. ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். இடம் இல்லையென்றால் மாடியில் நாலு தொட்டியில் துளசி, ஒரு பெரிய தொட்டியில் ஒற்றைச் செம்பருத்தி, கைப்பிடிச் சுவரில் ரங்கூன் மல்லி போதும். ஓரத்தில் தானாக முளைக்கும் கிணற்றடிப்பூண்டைப் பிடுங்காதீர்கள். குழல் குட்டையான சிறிய பட்டாம்பூச்சிகளுக்கு அதைவிட வசதியான பூ குறைவு.

அடுத்த முறை நர்சரியில் அடுக்குப் பூவை நீட்டினால், ஒற்றைப் பூ இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் அதை முன்வரிசைக்குக் கொண்டுவருவார்.